பூட்டியிருந்த அறுபத்தேழு நாள்

மருதமுனையில் றபீக்காவோடு கணக்கில் மோதி வென்றவர் எவரும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவள்தான். ஆனாலும் மீராசாஹிபு முதலாளியின் நெசவு மடுவத்தில் சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது, முதலாளி கொப்பியைப் புரட்டி முடிப்பதற்குள் தன் கூலியையும் பக்கத்துத் தறிக்காரியின் கூலியையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். ஐம்பது சதம் குறைந்தால் போதும், அவள் போடுகிற சத்தம் பெரிய வீதி வரைக்கும் கேட்கும். முதலாளியே அவளைக் கண்டால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் கொப்பியைத் திறப்பார்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை தோற்றிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். தோற்கவில்லை. வென்றாள். வென்று என்ன கண்டாள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

எண்பத்தொன்றாம் ஆண்டு தை மாதம், மூன்று வயது மகள் ஜெஸீமாவைச் சபூறா டீச்சரின் நேசறியில் சேர்த்தாள். சபூறா டீச்சர் தன் வீட்டுத் தலைவாசலிலேயே நேசறி நடத்திவந்தார். பிள்ளைகள் உட்கார நாலு வாங்கு, ஒரு கரும்பலகை, பதினெட்டுப் பிள்ளைகள். பெரும்பாலும் தறிக்காரிகளின் பிள்ளைகள். காலை எட்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியும். மாதம் இருபத்தைந்து ரூபாய். மாதத்தில் இருபத்தைந்து நாள் நேசறி நடப்பதால் நாளுக்கு ஒரு ரூபாய் என்று றபீக்கா முதல் நாளே மனதுக்குள் வகுத்து வைத்துக்கொண்டாள்.

அந்த வருடம் நோன்பு மாதம் முழுக்க நேசறி பூட்டியிருந்தது. பெருநாள் கழிந்து திறந்த அன்று, பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவளிடம் டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"றபீக்கா, நோன்பு மாசத்து இருபத்தஞ்சும் தரணும் என்ன?"

"நோன்புக்கு நேசறி பூட்டித்தானே கிடந்த டீச்சர்?"

"ஓம், பூட்டித்தான் கிடந்த. பூட்டினாலும் மாசக் காசு மாசக் காசுதானே புள்ள."

றபீக்கா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அவள் அப்படிச் செய்தால் பக்கத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள்.

"இஞ்ச பாருங்க டீச்சர். தறி ஓடினா எனக்குக் கூலி, ஓடாட்டி இல்ல. நூல் வராம மடுவம் ஒரு கிழம பூட்டிக் கிடந்தா முதலாளி எனக்கு ஒரு சதம் தாறாரா? நெய்யாத சாரனுக்கு நான் கூலி கேக்க ஏலுமா? பூட்டின நேசறிக்கு நீங்க மட்டும் என்னெண்டு கேக்கிற?"

சுற்றி நின்ற தாய்மார் தலையை ஆட்டினார்கள். எல்லாரும் தறியில் இருக்கிறவர்கள். அவர்களுக்கு இதைவிடத் தெளிவான நியாயம் உலகத்தில் கிடையாது. டீச்சர் அந்த முகங்களை ஒரு தரம் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார்.

"உன்ட வாய்க்கு முன்னால நான் படிச்ச படிப்பு நிக்காது கா. சரி, பூட்டின நாளுக்குக் காசில்ல. உனக்கு மட்டும் எண்டு இல்ல, எல்லாருக்கும் அப்படித்தான்."

அன்றைக்குத் தாய்மார் மத்தியில் றபீக்காவுக்குக் கிடைத்த மரியாதையைக் கேட்கவே வேண்டாம். அடுத்த மாரியில் வெள்ளம் வந்து பதினொரு நாள் பூட்டியது, பதினொரு ரூபாய் கழிந்தது. பிள்ளைகளுக்குச் சின்னமுத்து அம்மை போட்டு ஆறு நாள் பூட்டியது, ஆறு ரூபாய் கழிந்தது. மறு வருட நோன்புக்கு மறுபடி இருபத்தைந்து. ஒவ்வொரு தடவையும் கழித்துக் கொடுத்துவிட்டு, நாட்டுக்கே நீதி வாங்கிக் கொடுத்தவள் போல நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போனாள்.

இதையெல்லாம் எண்ணியவள் எண்ணாமல் விட்டது ஒன்றும் இருந்தது. மூன்று மணிக்கு முடிய வேண்டிய நேசறியில் ஜெஸீமா அஞ்சு மணிக்கும் இருப்பாள். முதலாளி அவசரச் சாரன் கேட்கிற கிழமைகளில் பொழுது பட்டு மஹ்ரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம்கூட ஆகும். றபீக்கா ஓடிவந்து வாசல் கடப்படியில் நின்று மூச்சு வாங்குவாள். உள்ளே பிள்ளை சோறு தின்று, முகம் கழுவி, தலை வாரி, டீச்சரின் மடியில் கிடந்து கதை கேட்டுக்கொண்டிருக்கும். டீச்சருக்குப் பிள்ளைகள் இல்லை. ஜெஸீமா அவரை 'டீச்சரும்மா' என்றுதான் கூப்பிடுவாள். அந்த நேரத்துக்கெல்லாம் காசு என்ற பேச்சே டீச்சர் வாயில் வந்ததில்லை. றபீக்காவுக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கு டீச்சர் மேல் உயிர். அவளைக் கேட்டால் சத்தியம் பண்ணியே சொல்லியிருப்பாள்.

எண்பத்திரண்டு ஆவணிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, டீச்சரின் புருஷன் ஷரிபுதீன் சைக்கிளில் சாரன் மூட்டையைக் கட்டிக்கொண்டு அம்பாறைப் பக்கம் வியாபாரத்துக்குப் புறப்பட்டார். கடப்படியைத் தாண்டவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தவர் பிறகு எழும்பவில்லை. நாற்பத்தாறு வயது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

டீச்சர் இத்தா இருக்கத் தொடங்கினார். நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், வெள்ளை உடுத்து, வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். தலைவாசலில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற வாப்பாமாரும் மாமாமாரும் நடமாடினால் இது எப்படி நடக்கும்? வாங்குகளைச் சுவரோரம் அடுக்கி, வாசலுக்குச் சேலைத் திரை கட்டினார்கள். நேசறி பூட்டு.

ஜெஸீமாவை றபீக்கா மடுவத்துக்குக் கூட்டிப்போனாள். பிள்ளை முதல் நாள் நூல் கட்டைகளை உருட்டி விளையாடியது, இரண்டாம் நாள் அவற்றைச் சிக்காக்கியது, மூன்றாம் நாள் "டீச்சரும்மாக்கிட்டப் போவம்" என்று அழுதது. றபீக்கா அந்த மாதம் வழக்கத்தில் பாதிதான் நெய்தாள்.

மாதம் முடிந்தது. இருபத்தைந்து ரூபாயைக் கையில் சுருட்டிக்கொண்டு அவள் டீச்சர் வீட்டுக்குப் போனாள். ஏன் போனாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. அந்த வீட்டில் இனி உழைக்க ஆம்பிளை இல்லை என்பது மட்டும் தெரியும். டீச்சரின் மாமியார் ஆசியா உம்மா திரையை விலக்கி உள்ளே விட்டார். அறையில் பாயில் இருந்த டீச்சர் மெலிந்து போயிருந்தார். மூலையில் அரிசிப் பை, தேங்காய், சீனி, யாரோ கொண்டுவந்து வைத்த கோழிமுட்டை.

"என்ன புள்ள இது?"

"மாசக் காசு டீச்சர்."

"நேசறி பூட்டித்தானே கா கிடக்கு." டீச்சர் சிரித்தார். குத்திக் காட்டுகிற சிரிப்பு இல்லை, உண்மையான சிரிப்பு. "பூட்டின நாளுக்குக் காசில்ல. நீ போட்ட சட்டம், மறந்திட்டயா?"

"அது அப்ப டீச்சர். இது காசு எண்டு நினைக்காதீங்க. சும்மா ஒரு உதவி எண்டு வெச்சிக்கங்க."

டீச்சரின் சிரிப்பு நின்றுபோயிற்று. அவர் மூலையைக் காட்டினார்.

"அந்தா பாரு, உதவி. அரிசி, தேங்கா, முட்ட. எல்லாரும் நல்ல மனசோடதான் தாறாங்க, அல்லாஹ் அவங்களுக்கு பரக்கத் செய்யட்டும். ஆனா ஒவ்வொண்டும் உள்ள வரக்குள்ள நான் இன்னும் கொஞ்சம் கைம்பெண்ணாகிப் போறன் றபீக்கா. ஒரு மாசமா என்ன ஒருத்தரும் டீச்சரா பார்க்கல்ல. நீயும் ஸதக்காவக் கொண்டுவந்தா நான் என்ன செய்ற? உன்னட்ட நான் வாங்கினது நேசறிக் காசு மட்டும்தான். அது அப்படியே இருக்கட்டும்."

சண்டை பிடித்திருந்தால் றபீக்கா சமாளித்திருப்பாள். நோட்டுகளைக் கைக்குள் கசக்கிக்கொண்டு எழும்பினாள்.

கடப்படி வரைக்கும் ஆசியா உம்மா கூடவே வந்தார். "இத்தா முடிஞ்ச கையோட அக்கரைப்பற்றுக்குக் கூட்டிப்போறதாம். அவட கூடப்பிறந்த நானா வந்து சொல்லிப்போட்டார். இஞ்ச அவக்கு என்ன வருமானம்? வாங்கெல்லாத்தையும் விக்கச் சொல்லியிரிக்கா. என்னயும் கூப்பிடுறா. நான் என்ட மகன அடக்கின கப்ற விட்டிட்டு எங்க போற?"

"வித்துப்போட்டுப் போறதா? நேசறி?"

"நேசறிதான் என்னத்தக் கட்டின? நோன்பு மாசம் வந்தா வருமானம் நிண்டு போகும், ராவு ராவா இருந்து பெருநாள் சட்ட தைப்பா. நீயும் தைக்கக் குடுத்தயே, நினைவில்லயா?"

நினைவிருந்தது. ஜெஸீமாவின் பெருநாள் சட்டைக்கு டீச்சர் எட்டு ரூபாய் கேட்டார், றபீக்கா ஆறுக்கு இறக்கினாள். நோன்பும் வைத்துக்கொண்டு டீச்சருக்கு இவ்வளவு சுறுசுறுப்பா என்று மடுவத்தில் புகழ்ந்துகூடப் பேசினாள். தான் கழித்த இருபத்தைந்து ரூபாயைத்தான் அந்த மனுசி ஊசியால் குத்திக் குத்திச் சேர்த்தார் என்பது அப்போது அவள் மூளையில் ஏறவில்லை. கணக்குக்காரியாம் கணக்குக்காரி.

வீட்டுக்கு வந்து சோறும் ஆக்காமல் அழுதாள். அவளுடைய புருஷன் முனாப் கடலிலிருந்து வந்து மீனைக் கீழே வைத்துவிட்டு, என்ன ஏது என்று எல்லாவற்றையும் கேட்டான். பாதிக் கதை அழுகையில் போயிற்று.

"நூல் வராம மடுவம் பூட்டின கிழம முதலாளிய நான் எப்படிச் சபிச்ச மச்சான்? நாங்க என்ன காத்தக் குடிச்சா இரிக்கிற எண்டு கேட்டன். அவர் எனக்குச் செஞ்ச அநியாயத்தத் தூக்கி, நியாயம் எண்டு டீச்சர்ட தலையில வெச்சிருக்கன்."

முனாப் அவளைத் தேற்ற வார்த்தை தேடினான். நல்ல மனுசன், ஆனால் பேச்சு வராது. கடைசியில் இவ்வளவுதான் சொன்னான்: "சட்டம் போட்டது நீ. அதப் பிழையெண்டு நீ சொன்னாத்தான் டீச்சர் அத விடுவா. காசக் குடுத்து விட வைக்க ஏலாது."

மறுநாள் மடுவத்தில் பகல் சாப்பாட்டு நேரம் தாய்மார் எல்லாரும் கூடியிருக்கும்போது றபீக்கா எழும்பி நின்றாள்.

"பூட்டின நாளுக்குக் காசு குடுக்கத் தேவல்ல எண்டு நான் சொன்ன, பிழை."

சுபைறா சோற்றுக் கையை நடுவில் நிறுத்தினாள். பதினைந்து வருடமாகப் பக்கத்துத் தறியில் இருப்பவள். றபீக்கா வாயில் 'நான் சொன்ன பிழை' என்று அவள் கேட்டதே கிடையாது. "கா, உனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் ஒண்டும் இல்லயே?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். றபீக்காவும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டாள். பிழையை ஒத்துக்கொண்ட றபீக்காவின் செய்தி அன்று பின்னேரத்துக்குள் பக்கத்து ஊர் பாண்டிருப்பு வரைக்கும் போய்விட்டது.

சிரிப்பு ஓய்ந்ததும் அவள் ஒரு கேள்வி கேட்டாள். "மூணு மணிக்கு முடியிற நேசறியில எங்கட புள்ளயள் எத்தின நாள் அஞ்சு மணி மட்டும் இருந்த? அதுக்கு டீச்சர் ஒரு சதம் கேட்டாவா? நாங்க பூட்டின நாள மட்டும்தான் எண்ணினோம். மத்தத எண்ணினா, கடன்காரர் நாங்க."

அதற்குப் பிறகு ஒருத்தியும் சிரிக்கவில்லை.

ஆனாலும் ஒத்துக்கொள்வது வேறு, கொடுப்பது வேறு. அடுத்த ஏழெட்டு நாள் றபீக்கா மடுவம் விட்டதும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எந்தப் பிள்ளை எப்போது சேர்ந்தது, எத்தனை பூட்டின நாள் அதற்குக் கழிந்தது என்று ஒரு கொப்பியும் இல்லாமல் சொன்னாள். இரண்டு வீட்டில் "நீதானே கா சொன்ன" என்று வாசலிலேயே நிறுத்தி வைத்தார்கள். "ஓம், நான்தான் சொன்ன, அதாலதான் நானே வந்திரிக்கன்" என்று அங்கேயே நின்றாள். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை. சுபைறா பாதியைத் தந்து, மீதியை வேளாண்மை வெட்டினதும் தருவதாகச் சொன்னாள். ஜெஸீமாவின் காதுப் பூவுக்கென்று தகரப் பேணியில் சேர்த்து வைத்ததை றபீக்கா எடுத்தாள்.

ஒக்டோபர் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை, கூலியும் வாங்கிக்கொண்டு மறுபடி டீச்சர் வீட்டுக்குப் போனாள். இந்தத் தடவை ஜெஸீமாவையும் கூட்டிப்போனாள். பிள்ளை திரைக்குக் கீழால் நுழைந்து ஓடி டீச்சரின் மடியில் ஏறிக்கொண்டது. றபீக்கா கைலேஞ்சித் துணியில் கட்டிய காசு முடிச்சைப் பாயில் வைத்து அவிழ்த்தாள்.

"பதினேழு வீட்டுக் காசு. எண்ணூற்றி நாப்பது ரூவா. எங்கட கணக்கில ரெண்டு நோன்பு மாசம் அம்பது, வெள்ளத்துக்குப் பதினொண்டு, சின்னமுத்துக்கு ஆறு. அறுவத்தேழு நாள். மத்தவங்க அவங்கட அவங்கட கணக்குக்குத் தந்த."

டீச்சர் முடிச்சைப் பார்த்தார். "இது என்ன கூத்து? நானே ஓம் எண்டு விட்ட காசு இது. நான் மனசாரப் பொருந்திட்டன், எல்லாருக்கும் ஹலாலாக்கிட்டன். எடுத்துப் போ."

"நீங்க பொருந்தினாலும் நான் பொருந்தல்ல டீச்சர். அடக்கத்துக்கு முந்தி ஷரிபுதீன் காக்காட மையித்த வெச்சிக்கிட்டு, அவர் ஆருக்கும் கடன்பட்டிருந்தாச் சொல்லுங்க எண்டு கேட்டாங்க. ஒருத்தரும் வாய் திறக்கல்ல. அவர் ஒரு சதமும் கடன் வைக்காமப் போன மனுசன். அந்தக் கூட்டத்தில நிண்டவங்க முழுக்க அவர்ட வீட்டுக்குக் கடன்காரர். எங்களட்டத்தான் ஒருத்தரும் கேக்கல்ல."

டீச்சர் ஜெஸீமாவின் தலைமயிரை விரல்களால் கோதிக்கொண்டிருந்தார்.

"மறுகா இதையும் கேளுங்க." நிறுத்தினால் அழுகை வந்துவிடும் என்று றபீக்காவுக்குத் தெரியும். "மடுவத்தையும் நேசறியையும் நான் ஒண்டாப் போட்டுக் கணக்குப் பார்த்த, அதுதான் பிழை. மடுவம் ஒரேயடியாப் பூட்டினா நான் வேற தறிக்குப் போவன். நீங்க பூட்டினா எங்கட புள்ளயள் எங்க போற? அந்தத் திரையக் கழட்டுற அண்டைக்கு நீங்க இஞ்ச இரிக்கணும். இந்த நாலு மாசம் பத்து நாளைக்கும் நாங்க குடுக்கப்போறது அதுக்குத்தான். படிச்சுக் குடுக்கிறதுக்கு இல்ல, நீங்க இரிக்கிறதுக்கு. இது உதவி இல்ல டீச்சர். எங்கட புள்ளயள்ட இடத்துக்கு நாங்க கட்டுற காசு."

சொல்லிவிட்டு, கூலியிலிருந்து இருபத்தைந்து ரூபாயைத் தனியாக எடுத்து முடிச்சுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது போன மாசத்துக் காசு."

ஆசியா உம்மா வாசலில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகன் மௌத்தான அன்றிலிருந்து மருமகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதை அவர் பார்த்ததில்லை. இப்போது டீச்சர் ஜெஸீமாவின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். சத்தமாக, நெடுநேரம் அழுதார். பிள்ளை பயந்து தாயைப் பார்த்தது, பிறகு தன் சின்னக் கையால் டீச்சரின் முதுகைத் தட்டிக்கொடுக்கத் தொடங்கியது. நேசறியில் அழுகிற பிள்ளைகளுக்கு டீச்சர் செய்வதும் அதுதான்.

அழுது முடிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு டீச்சர் நிமிர்ந்தார்.

"மாமி, நானாக்கு ஆள் அனுப்பிச் சொல்லுங்க. நான் வரல்லயாம் எண்டு. வாங்கு விக்கிறதும் இல்ல."

பிறகு அந்த இருபத்தைந்து ரூபாயை எடுத்து, நோட்டுகளை ஒவ்வொன்றாக நீவி எண்ணினார். எண்ணி முடித்து றபீக்காவை ஏறிட்டுப் பார்த்தபோது அந்தக் கண்களில் பழைய கண்டிப்பு இருந்தது.

"மாசக் காச அஞ்சாம் தேதிக்குள்ள கொண்டுவரணும். இண்டைக்கு ஒம்பது."

தன் ஆயுளில் முதல் தடவையாக, காசு விஷயத்தில் றபீக்கா எதிர்த்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"ஓம் டீச்சர்," என்றாள்.